ஐந்து லைப்ரரிகளும் ஒரு துடைப்பமும்

அவளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாந்துபோக வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் அவளைப் பிடித்தவர்களை விரல் மடக்கி எண்ணினால் ஒரு விரல்கூட மடங்காது. மரியாதைக்கு 'அவர்' என்று எழுதலாம்தான். ஆனால் நாற்பத்தாறு பேர் வேலை பார்த்த இடத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. இப்போது மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். நாங்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் துடைப்பம். அது அவளுக்கும் தெரியும்.

அவளுடைய அப்பா பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் செய்தவர். வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டாராம். மகள் வீடு, வெளி இரண்டிலும் திறந்தாள். கணக்குப் படித்துவிட்டு இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தாள். தலைமையாசிரியை தயாரித்த விடைத்தாளில் நான்கு விடைகள் தப்பு என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். நான்கும் தப்புதான். அந்த மாதக் கடைசியில் அவளுக்கு வேலை இல்லை.

அவளை எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவர் அவளுடைய அக்கா கணவர். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கான மென்பொருளை எழுதும் குழுவுக்கு அவர்தான் தலைவர். வாழ்நாளில் ஒரு ஊசி போட்டதில்லை என்றாலும் எல்லோரும் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டோம். நான் அச்சகங்களுக்கான மென்பொருள் குழுவின் தலைவன். என்னைப் பிரிண்டர் என்றார்கள். பல் மருத்துவமனை, கிடங்கு, பள்ளிக்கூடக் கால அட்டவணை என்று இன்னும் மூன்று குழுக்கள். ஒரு நீண்ட நடைவழி, அதன் இரு பக்கமும் ஐந்து அறைகள், கோடியில் டீ மெஷின். அந்த மெஷின் முன்னால் நின்றால்தான் ஒரு குழு இன்னொரு குழுவின் முகத்தைப் பார்க்கும். பார்த்தாலும் பேசுவது அபூர்வம்.

அவளுக்குக் கிடைத்தது சோதிக்கும் வேலை. நாங்கள் எழுதியதை ஓட்டிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிப்பது. அவளுக்கென்றே செய்துவைத்த வேலை. பதினோரு வருடம் அதைச் செய்தாள். 'பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதுவாள். நாங்கள் சரிசெய்து அனுப்பினால், 'மறுபடியும்' என்று ஒரே சொல்லில் திருப்பி அனுப்புவாள். அந்த 'மறுபடியும்' வரும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகும். மதிய இடைவேளையில் எல்லோரும் வெளியே போக, அவள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஒரு தடிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நிரல் எழுதப் பழகினாள். அதையும் நாங்கள் கேலிதான் செய்தோம்.

இனி லைப்ரரி விஷயம். எந்த மென்பொருளிலும் பொத்தான், பட்டியல், தேதிக் கணக்கு, அச்சடிப்பு என்று சில துண்டுகள் திரும்பத் திரும்பத் தேவைப்படும். அவற்றை ஒருமுறை எழுதி ஓர் இடத்தில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது எடுத்துக்கொள்வோம். அந்தத் தொகுப்புக்குத்தான் லைப்ரரி என்று பெயர். எங்கள் ஐந்து குழுக்களுக்கும் ஆரம்பத்தில் இருந்தது ஒரே லைப்ரரி, டாக்டர் எழுதியது. பிறகு ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டு போனோம். அவரவர் இஷ்டத்துக்கு வெட்டினோம், ஒட்டினோம். பதினைந்து வருடத்தில் அது ஐந்து லைப்ரரிகளாகிவிட்டது. ஒன்றுக்கொன்று ஜாடை மட்டும் மிச்சம்.

அந்தப் பதினைந்தாவது வருடம் ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது. எங்கள் மென்பொருள் ஒரு முதியவருக்கு வேறு யாருடைய ரத்த முடிவையோ அச்சடித்துக் கொடுத்திருந்தது. அவர் பதினோரு நாள் தனக்குத் தேவையே இல்லாத மாத்திரையைச் சாப்பிட்டு, குளியலறையில் மயங்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார்.

எம்.டி. எல்லோரையும் பெரிய அறைக்குக் கூப்பிட்டார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவள்தான் எழுந்து, நடந்தது என்ன என்று சொன்னாள். திரையில் நோயாளிகளின் பட்டியல் இருக்கிறது. ஒருவர் பெயரைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்த நேரம் பார்த்துப் பட்டியலின் வரிசையை மாற்றினால் பெயர்கள் இடம் மாறும். தேர்வு மட்டும் பழைய வரியிலேயே நிற்கும். அச்சடித்தால், அந்த வரிக்குப் புதிதாக வந்தவருடைய முடிவுதான் வரும்.

"இது லேப் சாஃப்ட்வேர்ல மட்டும் இல்ல சார்," என்றாள். "நேத்து அஞ்சுலயும் போட்டுப் பாத்தேன். நாலுல இதே தப்பு வருது. அச்சக சாஃப்ட்வேர்ல மட்டும் வரல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்க பட்டியல் கொஞ்சம் ஒழுங்கா எழுதினது," என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது.

"அஞ்சையும் ஒண்ணாக்கணும் சார். ஒரு தப்பை ஒரு இடத்துல திருத்தினா அஞ்சு இடத்துலயும் திருந்தணும். இப்ப அஞ்சு பேர் தனித்தனியா தடுக்கி விழறோம்."

எம்.டி. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். "யார் செய்வீங்க?"

ஐந்து குழுத் தலைவர்களும் மேசையைப் பார்த்தோம்.

"அஞ்சையும் முழுசாப் பாத்த ஆள் நீங்க ஒருத்தர்தான். நீங்களே செய்யுங்க," என்று அவளிடமே தள்ளிவிட்டார்.

டாக்டர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். "சார், அவ டெஸ்டிங் ஆளு. தப்புக் கண்டுபிடிக்கிறது வேற, கட்டுறது வேற. அனுபவம் இல்லாதவங்க கையில..."

"மாமா," என்றாள் அவள், அத்தனை பேர் முன்னால். "அனுபவம் இருக்கிறவங்க எழுதினதாலதான் ஒருத்தருக்கு இடுப்பு ஒடைஞ்சிருக்கு."

டாக்டர் முகம் செத்துப்போயிற்று. ஒரே வீட்டில் இருப்பவர்கள் அவர்கள். டாக்டர் குடும்பம் கீழே, அவள் மாடி அறையில். அன்று இருவரும் தனித்தனியாக வீட்டுக்குப் போனார்கள்.

ஸ்டேஷனரி அடுக்கி வைத்திருந்த மூலை அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். முதல் நாள் காலையில் அந்த அறை வாசலில் யாரோ ஒரு நிஜத் துடைப்பத்தைச் சாத்தி வைத்திருந்தார்கள். நடைவழி முழுக்கக் கதவிடுக்கில் கண்கள். அவள் வந்தாள், பார்த்தாள், எடுத்தாள், அறையைச் சுத்தமாகப் பெருக்கிக் குப்பையை வெளியே கொட்டினாள், துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எங்களுக்குத்தான் சப்பென்று போய்விட்டது.

பிறகு ஒவ்வொரு குழுவிடமும் லைப்ரரியைக் கேட்டாள். பல் மருத்துவமனைக் குழு மூன்று வருடத்துக்கு முந்தைய நகலைக் கொடுத்தது. கிடங்குக் குழு ஏழு வாரம் 'அடுத்த வாரம்' என்றது. டாக்டர் தன் நிரல் முழுவதையும் காகிதத்தில் அச்சடித்து, ஆயிரத்து நூறு பக்கங்களை ஒரு பியூன் தலையில் ஏற்றி அனுப்பினார். நான் கொடுத்ததுதான் இருப்பதிலேயே கேவலம். எந்த வரி எதற்கு என்று நாங்கள் எழுதி வைத்திருந்த குறிப்புகள் எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, எதை எப்போது யார் மாற்றினார்கள் என்ற சரித்திரத்தையும் நீக்கிவிட்டு, மொட்டையாகக் கொடுத்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அது அப்போது எனக்கு மட்டுமே தெரியும்.

டாக்டருக்கும் எனக்கும் பல வருடமாக ஆகாது. அவள் வந்த பிறகு திடீரென்று நெருங்கிவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். எம்.டி.க்கு ஒரு கடிதம் எழுதுவதாகத் திட்டம். 'இந்த வேலையை நிறுத்தாவிட்டால் ஐந்து குழுத் தலைவர்களும் விலகுவோம்.' சாப்பாட்டு மேசையிலேயே தட்டுகளைத் தள்ளிவிட்டு எழுதிக்கொண்டிருந்தோம். அவருடைய மனைவி, அதாவது அவளுடைய அக்கா, பக்கத்தில் நின்று சொல் எடுத்துக் கொடுத்தாள்.

"'அவமதிப்பு'ன்னு போடுங்க. சும்மா 'வருத்தம்'னு போட்டா யாருக்கு உறைக்கும்?"

தண்ணீர் பிடிக்க மாடியிலிருந்து அவள் இறங்கி வந்தாள். கையில் பாட்டில். மேசை மேல் இருந்த தாளை, மறைக்க அவகாசம் கொடுக்காமல், நின்றபடியே படித்தாள்.

"ரெண்டாவது பத்தியில தப்பு இருக்கு. அஞ்சு பேர்னு போட்டிருக்கீங்க. பள்ளிக்கூட டீம் போன வாரமே என்கிட்ட எல்லாத்தையும் குடுத்துட்டாங்க. நாலுன்னு மாத்துங்க."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டி, வேலையில சேத்துவிட்ட மனுஷன்டி இவரு! எங்க வீட்டுல இருந்துக்கிட்டு எங்க வயித்துலயே அடிக்கிறியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"யார் வயித்துல அடிச்சேன்? அவர் எழுதினதுல தப்பு இருக்குன்னு சொன்னேன்."

"அவர் பதினஞ்சு வருஷமா அந்தத் தப்பைத்தான் எழுதிக்கிட்டு இருந்தாரா?"

"ஆமாக்கா," என்றாள். பாட்டில் நிரம்பும் வரை நின்றாள். மூடினாள். மேலே போய்விட்டாள்.

ஐந்தை நான்காக மாற்றித்தான் கடிதத்தைக் கொடுத்தோம். எம்.டி. அதைப் படித்துவிட்டு, 'எப்போது விலகுகிறீர்கள் என்று தேதி போடவில்லையே' என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்த இரண்டு வாரத்தில் ஒரு நாள் அவள் என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். கையில் ஒரே ஒரு தாள். எங்கள் சர்வரில் ஒவ்வொரு நாளின் நகலும் பெட்டகத்தில் சேர்வது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்பது நாள் உட்கார்ந்து, இரண்டு வருடத்து நகல்களைத் தேதி வாரியாக ஒருத்தி ஒப்பிட்டுப் பார்ப்பாள் என்று நான் நினைக்கவில்லை. தாளை என் முன்னால் வைத்தாள். நான் வழித்தெடுத்த குறிப்புகளில் ஒன்று. 'டாக்டரின் பட்டியலில் வரிசை மாற்றினால் தேர்வு தப்பாகிறது. இங்கே சரிசெய்தாயிற்று. மற்றபடி அவங்க பாடு.' கீழே என் பெயரின் முதலெழுத்து, இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா."

"அவங்க பாடுன்னா என்ன அர்த்தம் சார்?"

"படிச்சா புரியலையா?"

"புரியுது. உங்க வாயால கேக்கணும்."

அந்தக் குறிப்பை எழுதியதற்கு முந்தைய வாரம்தான் டாக்டர் ஒரு கூட்டத்தில், 'அச்சடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா, அதுக்கு ஒரு டீமா' என்று சொல்லியிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் காதில் இருந்தபோதுதான் அவருடைய தப்பு என் கண்ணில் பட்டது. சொல்லாமல் விட்டதில் ஒரு சுகம் இருந்தது. இதை எல்லாம் அவளிடம் சொல்லவில்லை.

"அவர் கேக்கல. நான் சொல்லல," என்றேன்.

"என்ன கேக்கணும்? 'என் பட்டியல்ல தப்பு ஏதாவது கண்டுபிடிச்சு ஒளிச்சு வெச்சிருக்கீங்களா'ன்னு தினம் காலையில வந்து விசாரிக்கணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. பதில் இல்லாதவனுக்கு வேறு என்ன வரும்? "ரிப்போர்ட்ல போடப் போறீங்களா?"

"போட்டாச்சு. நாளைக்கு எல்லாருக்கும் போகும். தேதி தப்பா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, திருத்திடறேன். அதுக்குத்தான் வந்தேன்."

தேதி சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு டாக்டர் என் அறைக்குள் வந்தார். கையில் டீ கோப்பை. அதை என் மேசையில் வைத்த வேகத்தில் டீ பாதி என் கீபோர்டில் கொட்டியது.

"யோவ் பிரிண்டர். ரெண்டு வருஷம். ரெண்டு வருஷமா உனக்குத் தெரியும்."

நான் எழுந்தேன். "டாக்டர், கொஞ்சம் உக்காருங்க..."

"அந்தப் பெரியவர் விழுந்த நாள்லருந்து நான் ஒழுங்காச் சாப்பிடலைய்யா. என்னாலதான்னு நெனச்சு நெனச்சு... நீ என் வீட்டுக்கு வந்து, என் மேசையில உக்காந்து, நான் ஊத்தின தண்ணியைக் குடிச்சுக்கிட்டு லெட்டர் எழுதின! அப்பவும் தெரியும் உனக்கு!"

போய்விட்டார். நேராக அவள் அறைக்குத்தான் போனார். அந்த அறைக்கும் என் அறைக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

"இந்தா. என்னோடது முழுசும் இதுல இருக்கு, குறிப்போட. காகிதமெல்லாம் வேணாம், தூக்கிப் போடு," என்றார் டாக்டர். "எல்லாத்தையும் எடுத்துக்க. அந்தத் தப்பை மட்டும் திருத்திக்க. அவனோடது ஒரு வரிகூட அதுல இருக்கக் கூடாது. அது போதும் எனக்கு."

"மாமா, பட்டியலுக்கு அவரோடதைத்தான் எடுக்கப் போறேன்."

"என்னது?"

"அஞ்சு பட்டியலையும் பத்து நாள் அடிச்சுப் பாத்தேன். அவரோடது ஒண்ணுதான் ஒடையல. உங்களோடதைத் திருத்தினா வேற ரெண்டு இடத்துல பிய்யுது."

"அவன் ஒரு ஆளாடி?"

"ஆள் சரியில்ல மாமா. எழுதினது சரி."

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் டீயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதைவிட மோசமாக யாரும் என்னைத் திட்டியதில்லை, அதைவிட நல்லதாகவும் யாரும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை. இரண்டுக்கும் சேர்த்து அவளை வெறுத்தேன்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனபோது அவளுடைய இரண்டு பெட்டிகளும் புத்தகக் கட்டும் மாடிப்படியின் கீழ்ப்படியில் இருந்தன. அக்கா கதவைத் திறக்கவில்லை. டாக்டரின் மகள், பத்தாவது படிப்பவள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "சித்தி, சித்தி" என்று அழுதாளாம். இவள், "அழாத. போய் கணக்கு வீட்டுப்பாடத்தை முடி," என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாளாம். ஒரு சலவைக் கடைக்கு மேல் அறை கிடைத்தது. கீழே நாள் முழுக்க இஸ்திரி போடுவதால் அவள் அறைத் தரை எப்போதும் சுடும்.

இதற்கிடையில் இன்னொரு காரியமும் செய்தாள். அந்த முதியவரின் வீட்டுக்குப் போகக் கூடாது, வக்கீல் சொல்லியிருக்கிறார் என்று எம்.டி. தடுத்திருந்தார். போனாள். தப்பு எங்களுடையது, இரண்டு வருடமாக ஒருவருக்குத் தெரிந்திருந்தது, சொல்லவில்லை என்று வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள். அவருடைய மகன் அவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை. "வந்து சொல்லிட்டா எங்கப்பா எழுந்து நடந்துடுவாரா?" என்று கேட்டாராம். எம்.டி. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பும் வழியில் என் மேசையில் ஒரு துண்டுச் சீட்டை வைத்தாள். ஒரு முகவரி.

"நீங்க போகணும்னா," என்றாள்.

நான் போகவில்லை. இன்று வரை போகவில்லை.

என்னை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். எம்.டி. அதைவிடக் கெட்டிக்காரர். என்னை அவள் அறையில் உட்கார்த்திவிட்டார். என் லைப்ரரியை நானே பிரித்து அவளுடைய பொதுத் தொகுப்புக்குள் சேர்க்க வேண்டும். அந்தத் தொகுப்புக்கு அதற்குள் எல்லோரும் கோர், அதாவது மையம், என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரே மேசை, இரண்டு திரைகள். காலை வணக்கம் கிடையாது. 'சாப்பிட்டீங்களா' கிடையாது. அவள் பேசினால் அது வேலையாக இருக்கும், அல்லது குத்தலாக இருக்கும், பெரும்பாலும் இரண்டும்.

பத்தொன்பது வகைப் பொத்தான்கள் இருந்தன. மூன்றாக்கினாள். தேதிக் கணக்கு ஏழு விதம், ஒன்றாக்கினாள். அந்த ஒன்று பள்ளிக்கூடக் குழுவினுடையது. அச்சடிப்பு என்னுடையது. நிறங்களும் எழுத்துருவும் கிடங்குக் குழுவினுடையது, அதை அவர்களே எதிர்பார்க்கவில்லை. டாக்டருடையதிலிருந்து எடுத்தது மிகக் கொஞ்சம். கோர் வந்தே தீரும் என்று தெரிந்ததும் காற்று திசை மாறியது. அதுவரை கொடுக்க மாட்டேன் என்றவர்கள், என்னுடைய இதையும் சேர், அதையும் சேர் என்று வரிசையில் நின்றார்கள். பல் மருத்துவமனைக் குழுவின் தலைவி, முப்பத்திரண்டு பல்லையும் படம் போட்டுக் காட்டும் தன் துண்டைக் கோரில் சேர்த்தே ஆக வேண்டும் என்று இரண்டு நாள் வாதாடினாள்.

"அச்சகத்துக்கு எதுக்கு மேடம் பல்லு?" என்றாள் இவள். "எல்லாருக்கும் வேணும்னா உள்ள. ஒருத்தருக்கு மட்டும் வேணும்னா அவங்க அறையிலயே இருக்கட்டும். கண்டதையும் திணிச்சா இது கோர் இல்ல, குப்பைத் தொட்டி."

"உன்கிட்ட துடைப்பம் இருக்கே, பெருக்கிக்க!" என்று கத்திவிட்டுப் போனாள் அந்த அம்மாள்.

"இருக்கு," என்றாள் இவள், தலையைத் திருப்பாமல்.

பதினான்காவது மாதம் கோர் தயாரானது. முதலில் மாறுவது டாக்டரின் மென்பொருள் என்று முடிவு. அதில் தேறினால் எதிலும் தேறும். வெளியிடும் நாள் குறித்தாயிற்று.

அப்போதும் என்னிடம் ஒன்று மிச்சம் இருந்தது. பழைய மாடல் பிரிண்டர் ஒன்று, சிறு ஊர்களில் இன்னும் ஓடுகிறது. அச்சடிப்பது இரண்டாம் பக்கத்துக்குப் போனால் அது கடைசி வரியை விழுங்கிவிடும். நான் அதற்கு ஒரு சின்னத் திருத்தம் வைத்திருந்தேன். லைப்ரரியில் அல்ல, எங்கள் அச்சக மென்பொருளின் ஒரு மூலையில். அதனால் அவள் தேடியதில் அது அகப்படவில்லை. ரத்த முடிவுத் தாளில் கடைசி வரி என்பது, 'உடனே மருத்துவரைப் பார்க்கவும்' என்று வரும் வரி.

நான்கு மாதமாக எனக்கு இது நினைவில் இருந்தது. கோர் வெளியாகி, பத்து இடத்திலிருந்து போன் வந்து, அவள் எம்.டி. முன்னால் விழிப்பதை மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெளியிடும் நாள் காலையில் அவள் சரிபார்ப்புப் பட்டியலை ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு வரும்போது, அந்தப் படத்தில் அவளுக்குப் பதிலாக யாரோ ஒரு கிழவர், தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத வரியைத் தேடுவது போல் வந்தது. என்ன செய்தும் அவர் போக மாட்டேன் என்கிறார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் மேல், அந்தக் கிழவர் மேல், எல்லார் மேலும்.

"நிறுத்துங்க," என்றேன். "இன்னொண்ணு இருக்கு."

சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எப்போலருந்து தெரியும்?"

"அச்சடிப்பைக் கோருக்குள்ள சேத்த நாள்லருந்தே. நாலு மாசமா."

என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் திருப்பித் திட்டலாம் என்று வாய்வரை தயாராக வைத்திருந்தேன். அவள் எழுந்து எம்.டி. அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"வெளியீட்டை எட்டு நாள் தள்ளிப் போடணும் சார். பழைய பிரிண்டர்ல கடைசி வரி விட்டுப் போகுது. பிரிண்டர் சாருக்கு நாலு மாசமாத் தெரியும், சொல்லல. இன்னிக்குச் சொன்னாரு."

அவ்வளவுதான். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. எம்.டி. என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. எட்டு நாளில் அந்தத் திருத்தத்தைக் கோருக்குள் கொண்டுவந்தோம். ஒன்பதாம் நாள் டாக்டரின் மென்பொருள் மாறியது. அந்த வருடக் கடைசிக்குள் ஐந்தும் மாறிவிட்டன.

கைதட்டல் எதுவும் இல்லை. அடுத்த வருடம் பள்ளிக்கூடக் கால அட்டவணையில் ஒரு தேதித் தப்பு அகப்பட்டது. ஒரே ஒரு வரி. திருத்தியதும், அன்று மதியமே ஐந்து அறைகளிலும் சரியாகிவிட்டது. மற்ற நான்கு குழுக்களுக்கும் தங்களிடம் அந்தத் தப்பு இருந்ததே தெரியாது. நன்றி சொல்ல வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். போகும் நாளில் எல்லோருக்கும் கை கொடுத்தார். என்னிடம் வந்ததும் கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். அவளிடம், "வரேன்," என்று மட்டும் சொன்னார். "சரி மாமா," என்றாள்.

அவள் இப்போது கோர் குழுவின் தலைவி. மூன்று பேர் அவள் கீழே. அதில் நான் ஒருவன். என்னைவிட எட்டு வயது சின்னவள் என் விடுமுறைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறாள். போன வாரம்கூட ஸ்க்ரோல் பார் எத்தனை அகலம் இருக்க வேண்டும் என்று இருவரும் நடைவழி அதிரச் சண்டை போட்டோம். நான்தான் சரி. அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை, அலுவலகச் சாவியைக் கொடுக்க அந்தச் சலவைக் கடை மாடிக்குப் போக வேண்டி வந்தது. கதவு திறந்திருந்தது. தரையில் பாய், பாய் நிறையத் தாள்கள், டாக்டரின் மகள் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கல்லூரிக்குப் போகும் வயதாகிவிட்டது. பல மாதமாகச் சனிக்கிழமைதோறும் வருகிறாளாம். அம்மாவே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுகிறாளாம். மேலே மட்டும் ஏறுவதில்லை.

"இது எப்படி சித்தி தப்பு?"

"மறுபடியும் போடு. தெரியும்."

கீழே ஹாரன் சத்தம் கேட்டது. நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அக்கா ஸ்கூட்டரை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் என்னைத் தள்ளிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். "ஒரு கணக்கு பாக்கி இருக்கு. அஞ்சு நிமிஷம்!" என்று கீழே பார்த்துக் கத்தினாள். அப்பாவின் மைக் குரல். சலவைக் கடைக்காரர்கூட வெளியே வந்து பார்த்தார்.

அக்கா கை நீட்டி வண்டியின் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். "திங்கக்கிழமை சீக்கிரம் வாங்க," என்றாள் அவள், திரும்பாமல். "அந்த ஸ்க்ரோல் பாரை அளந்து பாத்தேன். நீங்க சொன்னது தப்பு."